தொண்டையில் ஸ்ட்ரெப் இருக்கிறதாம், உடம்புக்கு ஒன்றுமில்லை: மாத்திரை போட வேண்டுமா?

#1 தாழம்பூ

அண்ணன் மகளுக்கு எட்டு வயது. இந்த வருஷம் அடிக்கடி காய்ச்சல், தொண்டை வலி. ஸ்ட்ரெப் என்ற கிருமி என்று சொல்லி ஒவ்வொரு முறையும் மருந்து கொடுத்தார்கள். கடைசியில் டாக்டர் "வீட்டில் யாரிடமோ இருந்து வந்துகொண்டே இருக்கிறது, எல்லோருக்கும் தொண்டையில் ஸ்வாப் எடுங்கள்" என்றுவிட்டார். கூட்டுக் குடும்பம். எல்லோருக்கும் எடுத்ததில் மாட்டியது நான் மட்டும். ரிப்போர்ட்டில் "பீட்டா ஹீமோலிடிக் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், குரூப் ஏ" என்று இருக்கிறது.

எனக்கு 38 வயது. பாட்டு வகுப்பு எடுக்கிறேன். தொண்டையில் துளி கரகரப்பு வந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். வலி, காய்ச்சல், நெறி கட்டுவது எதுவும் இல்லை. அசித்ரோமைசின் மூன்று நாள் கொடுத்தார்கள், போட்டேன். திரும்ப எடுத்தால் அதே ரிப்போர்ட். இப்போது டான்சிலை எடுத்துவிடலாமா என்று பேச்சு. அண்ணி வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் என் டம்ளர் மட்டும் தனியாகப் போய்விட்டது. மேல்மூடியில் சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறார்.

நோயே இல்லாமல் கிருமி மட்டும் இருக்குமா? குழந்தைக்கு நான்தான் கொடுக்கிறேனா?

#2 கசாயம்

சுக்கு, மிளகு, சித்தரத்தை. ஒரு மண்டலம். எந்தக் கிருமியும் நிற்காது. டான்சிலில் கத்தி வைக்க விடாதீர்கள்.

#3 லேப்வாசி

கத்தி வேண்டாம் என்பதில் கசாயம் சாரோடு உடன்படுகிறேன். சித்தரத்தைக்கு நான் பொறுப்பில்லை.

நான் மைக்ரோபயாலஜி லேப்பில் வேலை பார்க்கிறேன். அந்த ரிப்போர்ட் எப்படி வருகிறது என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். ஸ்வாப்பை ரத்தம் கலந்த அகார் (கிருமி வளர்க்கும் ஜெல்லி) தட்டில் தேய்த்து, 37 டிகிரியில் ஒரு ராத்திரி வைப்போம். நியாயமாக செம்மறி ஆட்டு ரத்தம் வேண்டும். சில இடங்களில் ரத்த வங்கியில் காலாவதியான மனித ரத்தத்தை ஊற்றிச் சமாளிப்பார்கள், அதில் படிப்பது அவ்வளவு சரியாக வராது. காலையில் தட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் குண்டூசித் தலையைவிடச் சின்னதாகக் கிருமிக் கூட்டங்கள் தெரியும். சுற்றிலும் ரத்தம் முழுசாகக் கரைந்து கண்ணாடி போல வளையம் விழுந்திருந்தால் அது பீட்டா. பச்சையாக மங்கிய வளையம் என்றால் ஆல்ஃபா. ஆல்ஃபா எல்லோர் தொண்டையிலும் உண்டு, இல்லாத தட்டை நான் பார்த்ததே இல்லை. அதுவும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ்தான். அதனால் யாராவது வெறுமனே "ஸ்ட்ரெப் வளர்ந்தது" என்று ரிப்போர்ட் கொடுத்தால் எந்த ஸ்ட்ரெப் என்று கேளுங்கள். பீட்டாவிலும் சி, ஜி என்று வேறு குரூப்கள் இருக்கின்றன. பேசிட்ராசின் என்ற ஆன்டிபயாட்டிக் வில்லையை வைத்தோ லேட்டக்ஸ் சோதனை செய்தோ ஏ குரூப்பா என்று பிரிப்போம்.

இவ்வளவும் செய்து நான் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று: கிருமி அங்கே இருக்கிறது. அது உங்களைத் தாக்குகிறதா, சும்மா உட்கார்ந்திருக்கிறதா என்று தட்டைப் பார்த்து எந்த லேப்காரனாலும் சொல்ல முடியாது. பத்து நிமிஷத்தில் வரும் ரேபிட் டெஸ்டுக்கும் இதே கதைதான்.

#4 நெல்லை வைத்தியன்

தாழம்பூ, உங்களைப் போன்றவர்களை கேரியர் என்போம். கிருமி இருக்கும், நோய் இருக்காது, உடம்பு அதை எதிர்த்துப் புதிதாக எதிர்ப்பொருளும் தயாரிக்காது. பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் இது சர்வ சாதாரணம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2010ஆம் ஆண்டுக் கணக்கில், தொந்தரவே இல்லாத பிள்ளைகளில் சுமார் 12 சதவீதம் பேரிடம் இருந்தது. பெரியவர்களிடம் குறைவு, பொதுவாக 5 சதவீதத்துக்கும் கீழே. பிள்ளைகளோடு புழங்கும் பெரியவர்களிடம் கொஞ்சம் கூடலாம். நீங்களோ வீட்டிலும் பிள்ளையோடு, வகுப்பிலும் பிள்ளைகளோடு. சில மாதங்கள் இருந்துவிட்டுத் தானே போய்விடும்.

மாத்திரைக்கு ஏன் அசையவில்லை என்றால், அசித்ரோமைசின் நம் ஊரில் மிட்டாய் மாதிரி விற்கிறது. அந்த இனத்து மருந்துகளுக்கு ஸ்ட்ரெப் பழகிக்கொண்டு வருகிறது. பென்சிலினுக்கு இத்தனை வருஷமாகியும் இந்தக் கிருமி தப்பப் படிக்கவில்லை. ஆனால் வேடிக்கை, கேரியர் தொண்டையில் பென்சிலினும் அடிக்கடி தோற்கும். டான்சிலின் செல்லுக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்துகொள்கிறது என்பது ஒரு காரணம், பென்சிலின் அங்கே சரியாக எட்டாது. அவசரமில்லாமல் மெதுவாகப் பெருகுகிற கிருமியைப் பென்சிலின் அவ்வளவாகக் கொல்லாது என்பது இன்னொன்று. விரட்டியே ஆகவேண்டும் என்றால் கிளிண்டாமைசின் போன்ற வேறு மருந்தை 10 நாள் கொடுப்போம். அது வயிற்றைப் புரட்டிவிடும். காரணமில்லாமல் யாரும் எழுதக் கூடாது.

எனக்கு உங்களைவிட அண்ணன் மகளைப் பற்றித்தான் சந்தேகம். அந்தப் பிள்ளையே கேரியராக இருக்கலாம். மாதம் ஒரு வைரஸ் சளி வருகிறது, தொண்டை வலிக்கிறது, ஸ்வாப் எடுக்கிறார்கள், ஏற்கெனவே குடியிருக்கும் ஸ்ட்ரெப் தெரிகிறது, ஆன்டிபயாட்டிக் எழுதுகிறார்கள். ஏழாம் நாள் சளி தானாகச் சரியாகிறது, பேர் மருந்துக்குப் போகிறது. அடுத்த மாதம் மறுபடி. வலி வந்தபோது கூடவே இருமலும் மூக்கொழுகலும் இருந்ததா என்று அண்ணியிடம் கேளுங்கள். பிள்ளை நன்றாக இருக்கும்போது ஒரு ஸ்வாப் எடுத்தாலும் விஷயம் வெளிச்சமாகிவிடும்.

கேரியர் என்ற ஒரே காரணத்துக்காக டான்சிலை எடுப்பது வேண்டாத வேலை.

#5 தாழம்பூ

நன்றி டாக்டர். இருமல் கேட்டேன், "எப்பவும் இருக்கும், சளி பிடிச்சாத்தானே தொண்டை வலிக்கும்" என்றார் அண்ணி! ஒரு விஷயம் சொல்ல விட்டுப்போயிற்று. ஏ.எஸ்.ஓ. என்று ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். 400 என்று வந்திருக்கிறது, பக்கத்தில் 200க்குள் இருக்க வேண்டும் என்று அச்சடித்திருக்கிறது. ஸ்ட்ரெப்புக்குப் பின்னால் மூட்டையும் இதயத்தையும் பிடிக்கும் ருமாட்டிக் காய்ச்சல் வரலாம், ஊசி போட்டுக்கொள்ளலாம் என்கிறார்கள்.

#6 நெல்லை வைத்தியன்

ஏ.எஸ்.ஓ. என்பது ஸ்ட்ரெப்பை எதிர்த்து உடம்பு தயாரித்த எதிர்ப்பொருளின் அளவு, ஒரு பழைய ரசீது. எப்போதோ ஸ்ட்ரெப் உங்கள் மேல் பட்டது என்பதற்கு மேல் அந்த ஒற்றை எண் ஒன்றும் சொல்லாது. தொற்று வந்து ஒரு வாரத்தில் ஏறத் தொடங்கும், மூன்று முதல் ஐந்து வாரத்தில் உச்சம், அப்புறம் மாதக்கணக்கில் மெல்ல இறங்கும். இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை எடுத்து, எண் எகிறியிருந்தால் அதற்கு அர்த்தம் உண்டு. பிள்ளைகளோடு பழகுகிற ஆளுக்கு ஒரு முறை 400 வந்தால் நான் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். மூட்டு வலி என்று வந்தவருக்கு ஏ.எஸ்.ஓ. எடுத்து, எண் கூடுதல் என்று மாதா மாதம் பென்சிலின் ஊசி போட்டுக்கொண்டிருக்கும் பலரை நான் பார்த்திருக்கிறேன். இதயத்தில் ஒரு கோளாறும் கிடையாது. அந்த ஊசி எவ்வளவு வலிக்கும் என்று போட்டவர்களைக் கேளுங்கள்.

ருமாட்டிக் காய்ச்சல் பெரும்பாலும் 5 முதல் 15 வயதுக்குள் வரும். 38 வயதில், நோயே இல்லாமல், முதல் முறையாக அதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

#7 ஊசி_21

டாக்டர் சார், போட்டவன் சொல்கிறேன். 21 நாளைக்கு ஒரு தடவை, இடுப்பில், பென்சாதைன் பென்சிலின். அன்று முழுக்கக் காலை இழுத்துக்கொண்டுதான் நடப்பேன். பதினோரு வயதில் ருமாட்டிக் காய்ச்சல், இதயத்தின் மைட்ரல் வால்வு போயிற்று. அதனால் "சும்மா உட்கார்ந்திருக்கும் கிருமி, பயப்படாதீர்கள்" என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வருகிறது. என் வீட்டில் தாழம்பூ மாதிரி ஒருவர் இருந்தால் நான் என்ன செய்வது? எனக்கு முதலில் வந்ததும் இப்படி யாரோ ஒருவர் தொண்டையிலிருந்துதானே?

#8 நெல்லை வைத்தியன்

கோபம் நியாயம். உங்கள் வீட்டுக்கு விதி வேறு. ருமாட்டிக் காய்ச்சல் வந்தவர் வீட்டில் கேரியர் இருந்தால் மருந்து கொடுத்து விரட்டலாம் என்றே வழிகாட்டிகள் சொல்கின்றன. பகுதியில் ருமாட்டிக் காய்ச்சலோ, சிறுநீரக அழற்சியோ, சதையை அரிக்கும் தீவிரத் தொற்றோ கொத்தாகக் கிளம்பினாலும், விடுதி, முகாம் போன்ற மூடிய இடத்தில் தொண்டை நோய் சுற்றிச் சுற்றி வந்தாலும் அப்படித்தான்.

ஆனால் ஒன்று. உங்களுக்குக் காவல் அந்த 21 நாள் ஊசி. வீட்டில் எல்லோர் தொண்டையையும் துடைத்தெடுத்தாலும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரை என்ன செய்வீர்கள்? தேதியைத் தவறவிடாதீர்கள், அது போதும்.

"யாரோ ஒருவர் தொண்டையிலிருந்து" என்றீர்கள். சரிதான், ஆனால் அந்த யாரோ பெரும்பாலும் அப்போது நோயாகப் படுத்திருந்த இன்னொரு பிள்ளையாக இருந்திருக்கும். புதிதாகத் தொற்றியவர் தொண்டையில் கிருமி எக்கச்சக்கமாக இருக்கும், வீரியமும் அதிகம். பல மாதம் தங்கிய கேரியரிடம் எண்ணிக்கையும் குறைந்து, வீரியமும் மங்கிவிடும். கிருமி மேலே போர்த்தியிருக்கும், வீரியம் தரும் எம் புரதத்தைச் சில வகைகள் இழந்தே விடுவதும் உண்டு.

#9 பழைய ஏடு

இதே கேள்வியை அமெரிக்க ராணுவம் பெரிய செலவில் கேட்டுப் பார்த்திருக்கிறது. வயோமிங் மாநிலத்தில் ஃபோர்ட் வாரன் விமானப்படை முகாம். புதிதாகச் சேர்ந்த பையன்களை நூற்றுக்கணக்கில் கொட்டடியில் அடைத்தால் ஸ்ட்ரெப் காட்டுத்தீயாகப் பரவும், பின்னாலேயே ருமாட்டிக் காய்ச்சல். 1940களின் கடைசியில் சார்லஸ் ராமல்காம்ப் தலைமையில் அங்கே ஆய்வுக்கூடம் போட்டார்கள். மருந்து கொடுக்காமல் விட்ட ஸ்ட்ரெப் தொண்டை நோயாளிகளில் நூற்றுக்குச் சுமார் மூன்று பேருக்கு ருமாட்டிக் காய்ச்சல் வருகிறது, பென்சிலின் கொடுத்தால் அது தடுக்கப்படுகிறது என்று நிலைநாட்டியது அவர்கள்தான். நோய் தொடங்கி ஒன்பது நாளுக்குள் மருந்தைத் தொடங்கினாலும் போதும் என்று இன்றும் சொல்கிறார்களே, அதற்கும் வேர் அங்கேதான். 1954இல் மருத்துவ ஆராய்ச்சிக்கான லாஸ்கர் விருது கிடைத்தது.

எனக்குப் பிடித்தது அவர்களுடைய கம்பளிப் பரிசோதனை. ஸ்ட்ரெப் இருந்த ஆட்கள் போர்த்திய கம்பளிகளை, கிருமி ஒட்டியபடியே, புதிதாக வந்தவர்களில் ஒரு பகுதிக்குக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்குத் துவைத்த கம்பளி. அழுக்குக் கம்பளிக்காரர்களுக்கு நோய் ஒன்றும் கூடவில்லை. கொட்டடித் தூசியைத் தொண்டையிலேயே ஊதிப் பார்த்தார்கள், அதற்கும் யாரும் படுக்கவில்லை. உலர்ந்த ஸ்ட்ரெப் உயிரோடு இருக்கும், ஆனால் தொற்றும் சக்தி போய்விடுகிறது. இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு அனுமதி கொடுக்காது என்பது வேறு விஷயம். கேரியர் படுக்கைக்கும் பக்கத்துப் படுக்கைக்கும் உள்ள தூரம் மட்டும் கணக்கில் வந்தது. நெருங்கிப் படுத்தவர்களுக்கே அதிகம் தொற்றியது.

இன்னொன்றும் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மார்ட்டன் ஹாம்பர்கர் என்ற மருத்துவர், படையினரில் கேரியர்களைத் தொண்டைக்காரர், மூக்குக்காரர் என்று பிரித்துப் பார்த்தார். காற்றிலும் படுக்கையிலும் கைக்குட்டையிலும் கிருமியை வாரி இறைத்தவர்கள் மூக்கில் வைத்திருந்தவர்கள். தொண்டையில் மட்டும் வைத்திருந்தவர்கள் அவ்வளவாக இல்லை. 1945இல் எழுதிய கட்டுரையில் மூக்குக்காரர்களை "ஆபத்தான கேரியர்" என்றே அழைத்தார். நம் ஊர் ரிப்போர்ட்டில் மூக்கை யார் பார்க்கிறார்கள்?

#10 தாழம்பூ

அப்படியென்றால் டம்ளர்?

#11 லேப்வாசி

சிவப்பு நூலை அவிழ்த்துவிடுங்கள். சோப்புப் போட்டுக் கழுவிய பாத்திரத்தில் ஸ்ட்ரெப் ஒன்றும் பிழைக்காது. இது சளித் துளியில், நேருக்கு நேர், நெருக்கத்தில் பரவுவது.

#12 பிரசவ விடுதி அக்கா

நான் யாழ்ப்பாணம். முப்பது வருசத்துக்கு மேல் தாதியாக இருந்து இளைப்பாறினவள், அதில் பெரும்பகுதி பிரசவ விடுதியில். வைத்தியர் தம்பி சொன்னது எல்லாம் சரி, ஆனால் "கேரியர் என்றால் ஒன்றும் இல்லை" என்று வாசிக்கிற ஆக்கள் விளங்கிக்கொள்ளக் கூடாது. ஆர் என்ன வேலை செய்கிறார் என்றும் பார்க்க வேணும்.

பிள்ளைப்பேற்றுக் காய்ச்சலில் தாய்மார் செத்த காலத்தை எங்களுக்குப் படிப்பித்த சிஸ்டர் பாடம் பாடமாகச் சொல்லுவா. 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற வைத்தியர் கை கழுவச் சொன்ன கதை எல்லாருக்கும் தெரியும். கை கழுவியும் சாவு முழுசாக நிக்கவில்லை. ஏன் என்று காட்டினதில் ஒரு பெண்ணுக்குப் பெரும் பங்கு. டோரா கோல்புரூக். இலண்டன் குயீன் சார்லட்ஸ் மருத்துவமனையில் சல்ஃபா மருந்தைப் பரீட்சித்துப் பேர் வாங்கின லெனாட் கோல்புரூக்கின் தங்கச்சி. காய்ச்சல் கண்ட தாயிடம் எடுத்த ஸ்ட்ரெப்பையும், பேறு பார்த்த வைத்தியர், மருத்துவிச்சி, வீட்டு ஆக்கள் தொண்டை மூக்கில் எடுத்ததையும் வகை பிரித்து ஒப்பிட்டா. ஒரே வகை திரும்பத் திரும்பப் பொருந்திச்சு. பேறு பார்த்த ஆள் நல்ல சுகமாக நிண்டிருப்பா, ஆனால் கிருமி அவவிட்டை இருந்திருக்கும். 1935இல் அறிக்கை வந்தது. பிரசவ அறையில் முகமூடி கட்டுறதுக்கு அது ஒரு பெரிய காரணம்.

பிள்ளை பெற்ற கருப்பை ஒரு பெரிய திறந்த புண். சத்திரசிகிச்சைப் புண்ணும் அப்படித்தான். அதனால்தான் இண்டைக்கும் ஒரு தாய்க்குப் பேற்றுக்குப் பிறகு குரூப் ஏ வந்தாலே விசாரிக்கத் தொடங்குவார்கள். இரண்டு பேருக்கு ஒரே வகை வந்தால் ஊழியர் எல்லாரையும் சோதிப்பார்கள், தொண்டை மட்டும் இல்லை, மூக்கு, தோல், மலவாசல் வரைக்கும். தொண்டையில் ஒன்றும் இல்லாமல் மலவாசலில் கேரியராக இருந்த ஊழியராலேயே சத்திரசிகிச்சைக் கூடத்தில் தொற்றுக் கிளம்பின சம்பவங்கள் இருக்கு. சிரிக்காதேங்கோ.

பிள்ளை தாழம்பூ, நீர் பாட்டுச் சொல்லிக் குடுக்கிறீர். உமக்கு இது பொருந்தாது. பயப்பிடாமல் பாடும்.

#13 மேற்கு மாம்பலம்

எல்லாம் சரி. ஆனால் நெல்லை டாக்டர் மேற்கோள் காட்டும் வழிகாட்டிகள் ருமாட்டிக் காய்ச்சல் கிட்டத்தட்ட ஒழிந்துபோன நாட்டில் எழுதியவை. இங்கே அரசு மருத்துவமனை இதய வார்டில் வால்வுக்குக் காத்திருக்கும் இளம் பெண்களை எண்ணிப் பாருங்கள். அங்கே சரியான "சும்மா விடு" இங்கேயும் சரியா? லண்டனிலேயே 2018இல், இதே ஸ்ட்ரெப்பால் வரும் செங்காய்ச்சல் வந்த வகுப்புகளில் தொந்தரவு இல்லாத பிள்ளைகளின் தொண்டையைப் பார்த்தார்கள். முதல் வாரம் பத்தில் ஒருவரிடம் இருந்த அதே வகை, இரண்டாம் வாரம் நான்கில் ஒருவருக்கு மேல் போய்விட்டது. நோயாளிப் பிள்ளைகள் மருந்து தொடங்கி வீட்டில் இருந்தபோதும். அப்போது அறிகுறி இல்லாதவர்கள் பரப்பவில்லை என்று எப்படிச் சொல்வது?

#14 நெல்லை வைத்தியன்

பரப்பவே மாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை, குறைவாகப் பரப்புவார்கள் என்றுதான் சொன்னேன். நீங்கள் சொல்லும் பிள்ளைகள் புதிதாகக் கிருமி வாங்கியவர்கள், நோய் சுற்றிக்கொண்டிருந்த வகுப்பில். தாழம்பூ தொண்டையில் இருப்பது மருந்துக்கும் அசையாமல், யாரையும் படுக்கவைக்காமல் தங்கியிருப்பது. இரண்டையும் கேரியர் என்ற ஒரே பெயரில் அழைப்பதால் வருகிற குழப்பம் இது.

நம் ஊரைப் பற்றிச் சொன்னதில் பாதி ஒப்புக்கொள்கிறேன். இங்கே தொண்டை வலியை அலட்சியம் செய்யக் கூடாது, குறிப்பாகப் பிள்ளைகளுக்கு. ஆனால் அதற்கு வழி, நோய் வந்த பிள்ளைக்கு முழு 10 நாள் பென்சிலினோ அமாக்ஸிசிலினோ கொடுப்பது. பாதியில் காய்ச்சல் விட்டதும் நிறுத்துகிறார்களே, அதைத் தடுப்பது. ஊரில் நூறு பெரியவர்களைப் பிடித்து ஸ்வாப் எடுத்து, கிருமி கிடைத்த நான்கைந்து பேருக்கு கிளிண்டாமைசின் கொடுத்தால் அடுத்த மாதம் வேறு நான்கைந்து பேரிடம் இருக்கும். வால்வு வார்டில் ஒரு படுக்கைகூடக் குறையாது.

#15 மேற்கு மாம்பலம்

பெரியவர்களைப் பொறுத்தவரை சரி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் விஷயத்தில் எனக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை.

#16 கசாயம்

வீட்டு நாய்க்கும் ஸ்வாப் எடுக்கச் சொல்வார்களா? மைத்துனர் வீட்டில் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

#17 லேப்வாசி

குரூப் ஏ மனிதனின் சொத்து. நாய்க்கு அதன் சொந்த ஸ்ட்ரெப் உண்டு. நாயை விட்டுவிடச் சொல்லுங்கள், ஸ்வாப் எடுப்பவரின் விரலும் தப்பிக்கும்.

#18 தாழம்பூ

நாளைக்கு எனக்கே நிஜமாகத் தொண்டை வலி வந்தால்? ஸ்வாப் எடுத்தால் எப்படியும் வரும். அப்போது நிஜமா, சும்மாவா என்று எப்படித் தெரியும்?

#19 நெல்லை வைத்தியன்

ஸ்வாப் அப்போது உங்களுக்கு உதவாது, உடம்பைத்தான் பார்க்க வேண்டும். இருமல், மூக்கொழுகல், குரல் கட்டுதல், வாய்ப்புண் இருந்தால் வைரஸ். உப்பு நீர், பாராசிட்டமால், குரலுக்கு ஓய்வு. கசாயமும் குடியுங்கள், நான் தடுக்கவில்லை. இருமலே இல்லாமல், திடீரென்று காய்ச்சல் 38 டிகிரிக்கு மேல் ஏறி, விழுங்க முடியாமல் வலித்து, தாடைக்குக் கீழே கழுத்தின் முன்புறம் தொட்டால் வலிக்கும் நெறி கட்டி, டான்சிலில் வெள்ளைப் படலம் இருந்தால் அது புதுத் தொற்றாக இருக்கலாம். எம் புரதத்தை வைத்து இந்தக் கிருமியில் 200க்கு மேல் வகை பிரிக்கிறார்கள். ஒரு வகையோடு சமாதானமாக இருக்கும் தொண்டையை இன்னொரு வகை தாக்கலாம். அப்போது மருந்து சாப்பிட வேண்டும், 10 நாள் முழுசாக. முடிந்த பிறகு "போய்விட்டதா" என்று பார்க்க மறுபடி ஸ்வாப் எடுக்க வேண்டாம். அங்கேதான் இந்தக் கூத்து முழுக்க ஆரம்பிக்கிறது.

அண்ணன் மகளுக்கும் இதே கணக்கு. அடுத்த முறை காய்ச்சல் வரும்போது இருமல் இருக்கிறதா இல்லையா என்று அண்ணியைக் குறித்து வைக்கச் சொல்லி, அந்தத் தாளோடு டாக்டரைப் பாருங்கள்.

#20 ஊசி_21

இதய நோய் இருப்பவர்கள் யாராவது படித்தால்: #19 உங்களுக்கு இல்லை. தொண்டை வலித்தால் இருமல் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொண்டு உட்காராமல் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

#21 நெல்லை வைத்தியன்

ஆமாம். அதை நானே எழுதியிருக்க வேண்டும்.